அடுத்த குடம் எங்கிருந்து? எல் பாசோவின் தண்ணீர்க் கணக்கு

எங்கள் வீட்டுக் கதவு எண் இரட்டைப்படை. அதனால் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள்தான் செடிகளுக்குத் தண்ணீர் விடலாம். ஒற்றைப்படை வீடுகளுக்கு புதன், வெள்ளி, ஞாயிறு. திங்கட்கிழமை யாருக்கும் கிடையாது. ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை அந்த நாள்களிலும் காலை பத்து மணிக்கு முன்னால் விட வேண்டும், இல்லையென்றால் மாலை ஆறு மணிக்கு மேல். குடிவந்த புதிதில் இதெல்லாம் வீண் கெடுபிடியாகப் பட்டது. பிறகு ஒரு ஜனவரி மாதம் ஊரின் நடுவில் இருக்கும் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தேன். இரண்டு நாடுகளைப் பிரிக்கிற ரியோ கிராண்டே ஆறு கான்கிரீட் கால்வாய்க்குள் வெறும் மணலாகக் கிடந்தது. நடுவில் ஒரு கோடு போல ஈரம். அன்றிலிருந்து கிழமை பார்த்துத்தான் குழாயைத் திறக்கிறேன்.

எல் பாசோ அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில், சிவாவா பாலைவனத்துக்குள் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தால் 22, 23 சென்டிமீட்டர் மழை. பாலத்தைத் தாண்டினால் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரஸ். 1950-ல் இரண்டு ஊர்களிலும் ஊருக்கு ஒன்றேகால் லட்சம் பேர் அளவில்தான் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் எல் பாசோவில் 6,78,815 பேர், ஹுவாரஸில் 15 லட்சத்துக்கும் மேல். 1965-ல் மெக்சிகோ எல்லையோரத் தொழிற்சாலைகளுக்கு வரிச் சலுகை கொடுத்த பிறகு, மக்கிலாடோரா என்று சொல்லப்படும் அந்த ஆலைகளுக்கு வேலை தேடி உள்நாட்டு மாநிலங்களில் இருந்து வந்தவர்களால் ஹுவாரஸ் வீங்கியது. எல் பாசோ பக்கம் ஃபோர்ட் பிளிஸ் ராணுவ முகாமும் எல்லை வர்த்தகமும் ஊரைக் கிழக்கே பாலைவனத்துக்குள் தள்ளிக்கொண்டே போகின்றன. கிழக்குப் பக்கத்தில் போன வருஷம் முட்செடி இருந்த இடத்தில் இந்த வருஷம் நூறு வீடு நிற்கும்.

அந்த நூறு வீட்டுக்கும் தண்ணீர் வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. நகரத்தின் தண்ணீர் வாரியத்துக்கு முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன: ஆறு, சிக்கனம், நிலத்தடி உப்பு நீரைக் குடிநீராக்குவது, கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுவது, தொலைவில் இருந்து குழாய் போட்டுக் கொண்டுவருவது. ஐந்தும் ஏதோ ஒரு அளவில் தொடங்கியாகிவிட்டது. அடுத்த பெரிய பணத்தை எதில் போடுவது என்றுதான் முடிவு செய்ய வேண்டும். விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு விடை வரும். நான் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்கிறேன். மழை பொய்த்த வருஷத்திலும் அது கை கொடுக்குமா? அதனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் கிணறு இறங்குமா? ஊரில் இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி.

காரணம் இரண்டு ஊர்களும் ஒரே பானையில் இருந்துதான் குடிக்கின்றன. பிராங்க்ளின் மலைக்குக் கிழக்கே மண்ணுக்கு அடியில் இருக்கும் ஹுவேகோ என்ற நிலத்தடி நீர்ப் படுகைதான் அந்தப் பானை. பக்கத்து அமெரிக்க மாநிலமான நியூ மெக்சிகோவில் தொடங்கி டெக்சாஸ் வழியாக மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துக்குள் போகிறது. எல்லைக்கோடு மேலேதான் இருக்கிறது, தண்ணீருக்கு அது தெரியாது. ஹுவாரஸ் பல காலமாகக் குடிநீருக்கு இந்த ஒரே படுகையைத்தான் நம்பியிருந்தது. இப்போதும் பெரும்பங்கு அதுதான். ஆற்று நீரைப் பங்கிட 1906-லேயே உடன்படிக்கை போட்டார்கள். நிலத்தடி நீரைப் பங்கிட இன்று வரை ஒரு உடன்படிக்கையும் இல்லை. 1999-ல் இரு நகரத் தண்ணீர் வாரியங்களும் தகவலைப் பகிர்ந்துகொள்ள ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன, அவ்வளவுதான். யார் எவ்வளவு இறைக்கலாம் என்று அதில் எதுவும் கிடையாது. நகர மையத்தை ஒட்டிய சில இடங்களில் நீர்மட்டம் 30 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது.

சரி, முதலில் ஆறு. விலை குறைவு, பழகிய வழி. நல்ல வருஷத்தில் எல் பாசோவின் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கை ரியோ கிராண்டே கொடுத்துவிடும். நியூ மெக்சிகோவில் 1916-ல் கட்டி முடித்த எலிஃபன்ட் பியூட் அணையில் தேக்கி, விவசாயப் பருவத்தில் திறந்துவிடுவார்கள். அணையைத் திறந்தால்தான் ஆறு, மூடினால் மணல். நான் பாலத்தில் நின்று பார்த்தது மூடிய மாதம். கொலராடோ மலைகளில் பனி குறைந்தால் அணையில் நீர் குறையும். வழக்கமாக மார்ச் வாக்கில் வந்துவிடும் தண்ணீர் 2021-ல் ஜூன் மாதம்தான் வந்தது. அதற்கு மேல் வழக்கு வேறு. மேலே இருக்கும் நியூ மெக்சிகோ விவசாயிகள் ஆற்றங்கரையில் கிணறு போட்டு இறைப்பதால் எங்கள் பங்கு குறைகிறது என்று டெக்சாஸ் 2013-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட சமரசத்தை 2024-ல் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிராகரித்தது. 1906 உடன்படிக்கைப்படி மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 7.4 கோடி கன மீட்டர் தர வேண்டும். பற்றாக்குறை வந்தால் அமெரிக்க விவசாயிகளுக்குக் குறைகிற அதே விகிதத்தில் அதுவும் குறையும். அந்தத் தண்ணீரும் ஹுவாரஸ் நகரக் குழாய்களுக்குப் போவதில்லை, பள்ளத்தாக்கு வயல்களுக்குப் போகிறது. ஆக, ஆற்றை நம்பி நூறு புது வீடு கட்ட முடியாது. வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆறு ஓடும் மாதங்களில் கிணறுகளுக்கு ஓய்வு கொடுக்கலாம். அதுவே பெரிய உதவி.

சிக்கனத்தைப் பற்றி இந்த ஊர் தலைநிமிர்ந்து பேசலாம். 1979-ல் மாநிலத் தண்ணீர் மேம்பாட்டு வாரியம், இப்படியே இறைத்தால் ஹுவேகோவின் நல்ல தண்ணீர் 2030 வாக்கில் தீர்ந்துவிடும் என்று கணித்தது. அப்போது தலைக்கு நாளொன்றுக்கு 200 காலனுக்கு மேல், அதாவது 750 லிட்டருக்கும் அதிகமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள். பாலைவனத்தில் வீட்டுக்கு வீடு பச்சைப் புல்! 1991-ல் சட்டம் போட்டு, நாள் குறித்து, அதிகம் செலவழித்தால் கட்டணம் ஏறுகிற மாதிரி மாற்றினார்கள். புல்லைப் பெயர்த்துவிட்டுக் கல்லும் கற்றாழையும் வைத்தால் பணம் கொடுத்தார்கள். இன்று தலைக்கு 500 லிட்டர் வாக்கில் வந்திருக்கிறது. ஹுவேகோவில் எல் பாசோ இறைப்பதும் 1989-க்குப் பிறகு நன்றாகவே குறைந்தது. கணித்த பேரழிவு வரவில்லை என்றால் அதற்கு முதல் காரணம் இந்த மூன்று கிழமைக் கணக்குதான்.

ஆனால் எளிதாகக் குறைக்க முடிந்ததைக் குறைத்தாயிற்று. இனிக் குறைப்பது வீட்டுக்குள் கை வைப்பது. இங்கே நிறைய வீடுகளில் கூரை மேல் பெரிய ஏர் கூலர் இருக்கும். தண்ணீரை நார்ப்பலகைகளில் சொட்டவிட்டு, அதன் வழியே காற்றை இழுத்து வீட்டைக் குளிர்விக்கிற பெட்டி. ஜூன் மாத வறட்சியில் அருமையாக வேலை செய்யும், மின்கட்டணமும் குறைவு. தண்ணீர் மட்டும் கணக்கில்லாமல் ஆவியாகப் போகும். பருவம் முடிந்து அந்தப் பலகையைக் கழற்றினால் கல்போலக் கனக்கும். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு, விரலால் தேய்த்தால் உதிரும். ஒரு கோடையில் எவ்வளவு தண்ணீர் ஆவியாகப் போயிருக்கும் என்று அந்தப் படலத்தைப் பார்த்தாலே தெரியும். அதை நிறுத்திவிட்டு ஏசி போடச் சொன்னால் மின்சாரம் ஏறும், ஏழை வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. சிக்கனத்தைத் தொடர வேண்டும், சந்தேகமே இல்லை. அதை மட்டும் வைத்து வளர்கிற ஊருக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.

அடுத்தது உப்பு நீர். பாலைவனத்தில், கடலே இல்லாத இடத்தில் உப்பு நீக்கும் ஆலை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஹுவேகோவில் நல்ல தண்ணீரைச் சுற்றியும் கீழேயும் அதைவிட அதிகமாக உப்புத் தண்ணீர் இருக்கிறது. நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க இந்த உப்பு நகர்ந்து வந்து கிணறுகளுக்குள் ஏறும். ஹுவாரஸ் பக்கமும் இதே தொல்லை உண்டு. 2007-ல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நகரமும் ராணுவ முகாமும் சேர்ந்து கே பெய்லி ஹட்சிசன் ஆலையைத் திறந்தன. செலவு சுமார் 9 கோடி டாலர். திறந்தபோது நாளொன்றுக்கு 10.4 கோடி லிட்டர் வரை தரக்கூடியதாக இருந்தது. கடலோரம் இல்லாத உப்புநீக்கும் ஆலைகளில் உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. உப்பு கடல் நீரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் மின்சாரமும் அந்த அளவுக்கு ஆகாது. உப்பை வடிகட்டும் சவ்வுகளுக்கு ஆறு பங்கு அனுப்பினால் ஐந்து பங்கு நல்ல தண்ணீராக வெளியே வருகிறது. மிச்சம் ஒரு பங்கு கெட்டியான உப்புக் கழிவு. அதை 35 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய், ஒரு கிலோமீட்டருக்கும் ஆழமான துளைகளில் பூமிக்குள் செலுத்துகிறார்கள்.

இந்த ஆலையில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் கிணறுகள் இருக்கும் இடம். நல்ல தண்ணீரை நோக்கி நகரும் உப்பை வழியிலேயே மறித்து உறிஞ்சுகின்றன. வேலிபோல நின்று மற்றக் கிணறுகளையும் காக்கின்றன. வறட்சி வருஷத்தில் ஆறு கைவிட்டால் ஆலையை முழு வேகத்தில் ஓட்டலாம், ஆறு வந்தால் குறைத்துக்கொள்ளலாம். இப்படி ஏற்றி இறக்க முடிகிற வசதி வேறு எந்த வழியிலும் இவ்வளவு இல்லை. குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. உப்பாக இருந்தாலும் அது ஹுவேகோவின் தண்ணீர். பானை ஒன்றுதான், கரண்டியை மட்டும் மாற்றியிருக்கிறோம். ஆலையை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போவதுதான் வளர்ச்சிக்கு விடை என்றால், அடியில் மட்டம் இறங்கத்தான் செய்யும். அதில் பாதி வலி பாலத்துக்கு அந்தப் பக்கம் போகும்.

அதனால்தான் நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சாக்கடைத் தண்ணீரையா குடிப்பது? பேச்சு வந்ததும் எல்லாரும் கேட்பது இதைத்தான், என் வீட்டிலும் கேட்டார்கள். என் பதில்: இப்போதே குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ரியோ கிராண்டே எங்களிடம் வருவதற்கு முன் மேலே நியூ மெக்சிகோவில் இருக்கும் அல்புகர்க்கி, லாஸ் குரூசஸ் நகரங்கள் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து அதே ஆற்றில்தான் விடுகின்றன. எல் பாசோவே 1985-ல் பிரெட் ஹெர்வி நிலையத்தைத் தொடங்கி, கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரித்து ஹுவேகோவுக்குள் செலுத்திக் காட்டியது. நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் கழிவுநீரை மீட்டுக் குடிநீரில் கலக்கிறது. அதுவும் வறண்ட பூமி. டெக்சாஸிலேயே பிக் ஸ்பிரிங் என்ற சின்ன ஊர் 2013-ல் இதைத் தொடங்கியது. அங்கே சுத்திகரித்த நீரை ஏரித் தண்ணீரோடு கலந்து மறுபடியும் சாதாரண ஆலை வழியாக அனுப்புகிறார்கள்.

எல் பாசோ செய்யப்போவது இன்னும் ஒரு படி மேலே. கலப்பது கிடையாது, ஆலையில் இருந்து நேராக நகரக் குழாய்க்கு. ஆற்றோரத் தாழ்வுப் பகுதியில் இருக்கும் ராபர்டோ பஸ்தமாந்தே கழிவுநீர் நிலையத்தின் பக்கத்திலேயே இதைக் கட்ட 2025-ன் தொடக்கத்தில் மண் தோண்டியாயிற்று. நாளுக்கு 3.8 கோடி லிட்டர். சவ்வுகள், புற ஊதா விளக்கு, ஆக்சிஜனேற்றம், கரித்துகள் படுகை, குளோரின் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து வரும். 2016 வாக்கில் சிறிய அளவில் ஓட்டிப் பார்த்துத் தரத்தைச் சோதித்த பிறகுதான் மாநிலத்திடம் அனுமதி கேட்டார்கள். மக்களிடமும் முன்கூட்டியே பேசினார்கள். இதை மறைத்துச் செய்திருந்தால் ஊர் மறுத்திருக்கும்.

இதன் பலம் எளிமையானது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஏழு லட்சம் பேர் குளிப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். வறட்சியில் ஆறு நின்றுவிடும், சாக்கடை நிற்காது. இன்னொன்றும் உண்டு. இப்படிக் கிடைக்கிற ஒவ்வொரு லிட்டரும் ஹுவேகோவில் இருந்து எடுக்காமல் விட்ட லிட்டர். சிக்கனத்தைப் போலவே இதுவும் அண்டைவீட்டுக் கிணற்றைத் தொடாத வழி என்று சொல்லலாம்.

செலவு உறைக்கும், உண்மை. சுமார் 30 கோடி டாலர் பிடிக்கும் ஆலை, உப்புநீக்கும் ஆலையைவிடச் சிறியது. வேறு ஒரு விலையும் இருக்கிறது, அது ரசீதில் வராது. பஸ்தமாந்தே நிலையத்தில் இருந்து வெளியேறும் சுத்திகரித்த நீர் இப்போது கீழே இருக்கும் வயல்களுக்குப் போகிறது. பருத்தி, பெக்கான் கொட்டைத் தோப்பு, தீவனப் பயிர். குழாய்க்கு எடுத்தால் வயலுக்குக் குறையும். ஆறு வற்றிய வருஷத்தில் அந்த விவசாயிகளுக்கு மிஞ்சியிருந்தது அதுதான். அவர்களோடு உட்கார்ந்து பேசி ஈடு கொடுக்காமல் ஆலையை இரட்டிப்பாக்கக் கூடாது. அப்புறம், கூலரில் ஆவியானதும் செடிக்கு விட்டதும் சாக்கடைக்குத் திரும்பி வராது. அதனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு, கோடையில்தான் அந்த எல்லை நெருக்கும்.

ஐந்தாவது வழிக்கு அதிக நேரம் தேவையில்லை. கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளி, குவாதலூப் மலையடிவாரத்தில் டெல் சிட்டி என்று ஒரு சின்ன விவசாய ஊர். அதன் அடியில் வேறொரு படுகை இருக்கிறது. தண்ணீர் உரிமைக்காக எல் பாசோ அங்கே பல்லாயிரம் ஏக்கர் வாங்கி வைத்திருக்கிறது. அது ஹுவேகோவைத் தொடாது, அந்த மட்டில் நல்லது. ஆனால் அந்தத் தண்ணீரும் உப்புதான், அங்கேயும் சவ்வு வேண்டும். பிறகு மேடு ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஐந்திலும் விலை அதிகம் இதுவே. ஒரு நகரம் புல்வெளிக்காக இன்னொரு ஊரின் குதிரைமசால் வயலைக் காயவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலத்தைக் கையில் வைத்திருக்கட்டும், குத்தகைக்கு விடட்டும். குழாய் போடும் நாள் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நல்லது.

ஆக, என் முடிவு: அடுத்த பெரிய தொகை கழிவுநீர் சுத்திகரிப்புக்கு. உப்பு நீக்கும் ஆலை வறட்சிக் காலத்துக்கான துணையாகவும் உப்புக்கு வேலியாகவும் இருக்கட்டும், அன்றாடச் சோறாக ஆக வேண்டாம். ஆறு வரும்போது ஆறு. சிக்கனம் எப்போதும். டெல் சிட்டி கடைசி.

இதில் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன், அது இல்லாமல் என் ஓட்டு இல்லை. நேரடிக் குழாய் முறையில் பழைய பிரெட் ஹெர்வி முறையைவிட ஒரு குறை இருக்கிறது. பூமிக்குள் விட்ட தண்ணீர் இரு ஊருக்கும் சேர்ந்த பானையில் விழும். குழாயில் விட்டது எங்களுக்கு மட்டும். குளிர்காலத்தில் ஊரின் தேவை பாதியாக இறங்கும்போது, ஆலையில் மிஞ்சும் நீரை மறுபடி ஹுவேகோவுக்குள் செலுத்தட்டும். ஹுவாரஸில் குடிசைப் பகுதிகளுக்கு இன்றும் லாரியில்தான் தண்ணீர் போகிறது. அதை அங்கே பிபா என்பார்கள். சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு அந்த நீலப் பீப்பாய்கள் வாசலில் நிற்பதைப் பார்த்தால் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாலத்தின் இந்தப் பக்கம் நான் வியாழக்கிழமை காலையில் செடிக்குக் குழாயைத் திறக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு பெண் பீப்பாயின் மூடியைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்கிறாள். இரண்டும் ஒரே படுகை.

புது ஆலை 2028 வாக்கில் திறக்கும் என்கிறார்கள். திறந்ததும் அத்தனை லிட்டருக்கு ஈடாகச் சில கிணறுகளை நிறுத்தலாம். எவற்றை நிறுத்துவது என்று வாரியம் அப்போது தீர்மானிக்கும். இறைக்கும் செலவைப் பார்த்தால் ஆழம் அதிகமான கிணறுகளை நிறுத்தத் தோன்றும். நான் எல்லையை ஒட்டிய கிணறுகளை முதலில் நிறுத்தச் சொல்வேன். கட்டண விசாரணைக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். இந்த ஒரு கோரிக்கையை எழுதியே கொடுக்கப்போகிறேன்.